ஜீனுக்கு பட்டா குடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் உடம்புக்குள்ள இருக்குற ஜீனுக்கு எவனோ ஒருத்தன் பேட்டன்ட் வாங்குவானா? விளையாடுறீங்களா?

வாங்கினாங்க, அதுவும் ஒண்ணு ரெண்டு இல்ல. 2005ல சயன்ஸ் இதழ்ல ஒரு கணக்கு வந்துச்சு, அப்ப தெரிஞ்ச 23,688 மனித ஜீன்ல 4,382 ஜீன் ஏதோ ஒரு அமெரிக்க பேட்டன்ட்டுக்குள்ள மாட்டியிருந்துச்சு, கிட்டத்தட்ட அஞ்சுல ஒண்ணு. நீங்க பாட்டுக்கு காலைல எந்திரிச்சு பல்லு விளக்கி ஆபீஸ் போயிட்டு இருந்தீங்க, உங்க ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் அஞ்சுல ஒரு ஜீன் யாரோ ஒருத்தர் பேர்ல ரெஜிஸ்டர் ஆகியிருந்துச்சு. புறம்போக்கு நிலத்துல நாலு கல்லை நட்டு கயிறு கட்டி தாலுக்கா ஆபீஸ்ல பட்டா வாங்குற அதே டெக்னிக் தான், இங்க தாலுக்கா ஆபீஸ் இடத்துல அமெரிக்க பேட்டன்ட் ஆபீஸ், அவ்ளோதான் வித்தியாசம்.

இயற்கைல இருக்குறதுக்கு பேட்டன்ட் கிடையாதுன்னு தானே படிச்சோம்?

கரெக்டா தான் படிச்சிருக்கீங்க. அதனால தான் வக்கீலுங்க "ஜீன்"னு எழுதவே மாட்டாங்க, "தனியா பிரிச்சு எடுக்கப்பட்ட டிஎன்ஏ"ன்னு எழுதுவாங்க. உடம்புக்குள்ள இருந்தா அது உங்களோடது, வெளிய எடுத்து குழாய்ல போட்டா கம்பெனியோடது, எழுத்து வரிசை ரெண்டுலயும் ஒண்ணு தான். 2010ல, கீழ வரப்போற மிரியட் கேஸ்ல, நியூயார்க் ஜட்ஜ் ராபர்ட் ஸ்வீட் இதைப் பத்தி எழுதுறப்ப, நிறைய பேர் இதை வக்கீல் தந்திரம்னு சொல்றாங்கன்னு தீர்ப்புலயே போட்டாரு. ஜட்ஜுங்க பாஷைல இது கிட்டத்தட்ட கெட்ட வார்த்தை.

இந்த "பிரிச்சு எடுத்தா நம்மளுது" ஐடியா யாரோடது?

ஆரம்பம் அட்ரினலின். ஜோகிச்சி தகாமினேன்னு ஜப்பான்ல பிறந்த கெமிஸ்ட், அமெரிக்காவுல இருந்தவர், ஆட்டு மாட்டு சுரப்பில இருந்து அட்ரினலினை சுத்தமா பிரிச்சு எடுத்து பேட்டன்ட் வாங்கினாரு. அதுல கேஸ் வந்து 1911ல லேர்னட் ஹேண்ட்னு ஒரு ஜட்ஜ், பேரே அப்படித்தான், சுத்தம் பண்ணது பழைய சரக்குலேர்ந்து வேற பொருள் மாதிரி ஆயிடுச்சு, டாக்டருக்கு இப்ப தான் அதை வச்சு வைத்தியம் பாக்க முடியுது, அதனால பேட்டன்ட் செல்லும்னாரு. அந்த கேஸுக்கு அது பெரிய தப்புன்னு சொல்ல மாட்டேன், நெஜமாவே சுத்தம் பண்ணதுக்கு அப்புறம் தான் அது மருந்தாச்சு.

ஆனா அதே தீர்ப்போட கடைசில அவர் பொலம்புனது தான் எனக்கு ரொம்ப புடிச்சது. கெமிஸ்ட்ரில அரிச்சுவடி கூட தெரியாத ஒரு மனுஷன் இந்த மாதிரி விஷயத்துக்கு தீர்ப்பு சொல்ல வேண்டியிருக்கே, என்ன சட்டம்டா இதுன்னு அவரே எழுதி வச்சிருக்காரு. சரி, அது 1911. 102 வருஷம் கழிச்சு, 2013ல, சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் ஆன்டனின் ஸ்கேலியா ஜீன் கேஸ்ல தனியா ஒரு குட்டி தீர்ப்பு எழுதினாரு, என்னன்னா முடிவு எனக்கு சம்மதம், ஆனா மாலிக்யுலர் பயாலஜி விவரமெல்லாம் வர்ற பகுதில மட்டும் என் கையெழுத்து கிடையாது, ஏன்னா அந்த விவரத்தை என் சொந்த அறிவை வச்சோ, ஏன் என் சொந்த நம்பிக்கையை வச்சோ கூட சரின்னு சொல்ல என்னால முடியாதுன்னு. நூறு வருஷத்துல சயின்ஸ் எங்கயோ போயிடுச்சு, கோர்ட் அதே பெஞ்சுல உக்காந்திருக்கு. ஆனா தெரியாததை தெரியாதுன்னு எழுத்துல ஒத்துக்கிட்ட அரசியல் பதவிக்காரங்க வேற யாராவது இருந்தா சொல்லுங்க.

நடுவுல சக்கரவர்த்தின்னு நம்மாளு ஒருத்தர் வருவாரே?

ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, மேற்கு வங்காளத்துக்காரர், ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனில வேலை பாத்தவர். எண்ணெய் கழிவை சாப்பிடுற பாக்டீரியா ஒண்ணை உருவாக்கி பேட்டன்ட் கேட்டாரு, உயிருள்ளதுக்கு கிடையாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1980ல 5க்கு 4ன்னு ஜெயிச்சாரு. "சூரியனுக்குக் கீழ மனுஷன் செஞ்ச எதுக்கும்" பேட்டன்ட் உண்டுங்கற வாக்கியம் பிரபலமானது இந்த தீர்ப்புல தான். நியாயமான தீர்ப்பு, அந்த பாக்டீரியா இயற்கைல இல்ல, மனுஷன் செஞ்சாரு. பிரச்சனை என்னன்னா பயோடெக் கம்பெனிங்க காதுல "சூரியனுக்குக் கீழ எதுக்கும்" மட்டும் தான் விழுந்துச்சு, "மனுஷன் செஞ்ச"ங்கறப்ப எல்லாரும் பேட்டன்ட் ஆபீஸ் வாசல்ல வரிசைல நின்னுட்டு இருந்தாங்க.

மிரியட் மிரியட்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன கதை?

மிரியட் ஜெனடிக்ஸ், யூட்டா மாநிலம் சால்ட் லேக் சிட்டி. 1990ல பெர்க்லில மேரி க்ளேர் கிங்னு ஒரு விஞ்ஞானி, குடும்பத்துல பரம்பரையா வர்ற மார்பக புற்றுநோய்க்கு காரணமான ஜீன் 17வது குரோமோசோம்ல இருக்குன்னு காட்டினாங்க. கவனிங்க, அது வரைக்கும் அப்படி ஒரு ஜீன் இருக்குமான்னே நிறைய பேர் நம்பல. ஏரியா தெரிஞ்சதும் உலகம் பூரா லேப்ங்க அந்த இடத்தை தோண்ட ஆரம்பிச்சாங்க, 1994ல மிரியட் டீம் தான் முதல்ல அந்த ப்ராக்கா-1 ஜீனை புடிச்சாங்க. அந்த டீம்ல அமெரிக்க அரசோட தேசிய சுகாதார நிறுவனம் என்ஐஎச் விஞ்ஞானிகளும் இருந்தாங்க, அரசு பணமும் இருந்துச்சு, ஆனா பேட்டன்ட் விண்ணப்பத்துல அரசு விஞ்ஞானிகள் பேர் மட்டும் எப்படியோ விட்டுப்போச்சு, அப்புறம் என்ஐஎச் சண்டை போட்டு தான் பேரை சேத்தாங்க. அதே நோய்க்கான ரெண்டாவது ஜீன் ப்ராக்கா-2 கதை இன்னும் ஜோர், இங்கிலாந்து குழு நேச்சர் இதழ்ல அதை வெளியிடுறதுக்கு ஒரு நாள் முன்னாடி மிரியட் பேட்டன்ட் விண்ணப்பத்தை போட்டுட்டாங்க.

அப்புறம் நடந்தது தான் முக்கியம். இந்த ஜீன்ல கோளாறு இருக்குற பெண்ணுக்கு வாழ்நாள்ல மார்பக புற்றுநோய் வர்ற வாய்ப்பு 50ல இருந்து 80 சதவீதம் வரைக்கும்னு கோர்ட் தீர்ப்புலயே இருக்கு, சாதாரணமா அமெரிக்காவுல 12, 13 தான். அப்ப டெஸ்ட் எவ்ளோ அவசியம்னு பாத்துக்கோங்க. பென்சில்வேனியா யுனிவர்சிட்டி லேப் இந்த டெஸ்ட்டை செஞ்சிட்டு இருந்துச்சு, மிரியட்கிட்ட இருந்து நோட்டீஸ் போச்சு, நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் அமெரிக்கா முழுக்க முழு டெஸ்ட் பண்ணணும்னா ஒரே கம்பெனி, ஒரே லேப், 3,000 டாலருக்கு மேல. ரிசல்ட்ல சந்தேகம்னா வேற லேப்ல செகண்ட் ஒபீனியன்? அதுவும் அங்கயே தான். உங்க மார்பை எடுக்கணுமா வேண்டாமான்னு முடிவு பண்ற பேப்பருக்கு செகண்ட் ஒபீனியன் இல்ல.

இதுல 2006ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுவும் கிங் குழுவோடது தான், பாதிப்பு அதிகமா இருந்தும் கம்பெனி டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னு வந்த குடும்பங்கள்ல 12 சதவீதத்துக்கு ஜீன்ல பெரிய அளவு உடைசல் இருந்திருக்கு, டெஸ்ட்ல அது சிக்கவே இல்ல. அப்புறம் மிரியட் அதுக்கும் ஒரு டெஸ்ட் கொண்டு வந்தாங்க, தனியா காசு. போட்டிக்கு ஆள் இல்லாத கடைல இதுக்கு மேல என்ன எதிர்பார்க்குறது.

அரசாங்கம் என்ன பண்ணுச்சு?

எந்த அரசாங்கம்னு சொல்லுங்க, ஏன்னா இந்த கேஸ்ல ரெண்டு இருந்துச்சு.

2009 மே மாசம் ஏசிஎல்யூங்கற உரிமை அமைப்பு, டாக்டர்கள், நோயாளிகள் எல்லாம் சேந்து கேஸ் போடுறாங்க, எதிராளி மிரியட் மட்டும் இல்ல, பேட்டன்ட் ஆபீஸும் தான். அதாவது அமெரிக்க அரசோட ஒரு டிபார்ட்மென்ட் குற்றவாளி கூண்டுல. 2010 அக்டோபர்ல அதே அமெரிக்க அரசோட நீதித்துறை கோர்ட்டுக்கு ஒரு மனு குடுக்குது: ஐயா, வெறுமனே பிரிச்சு எடுத்த ஜீனுக்கு பேட்டன்ட் குடுத்தது தப்பு. இவங்க இத்தனை வருஷமா குடுத்துட்டு இருந்தவங்க! அதுல பேட்டன்ட் ஆபீஸ் வக்கீல் ஒருத்தர் கையெழுத்து கூட இல்ல. பேட்டன்ட் ஆபீஸ்ல கேட்டா, எங்க நடைமுறைல இப்போதைக்கு மாற்றம் இல்ல, வழக்கம்போல குடுப்போம்னாங்க. ஒரே ஜனாதிபதி, ஒரே கொடி, ரெவென்யூ ஆபீஸ்ல பட்டா அடிச்சிட்டு இருக்காங்க, பக்கத்து ரூம்ல அது செல்லாதுன்னு கோர்ட்ல எழுதி குடுத்துட்டு இருக்காங்க.

அரசு வக்கீல் நீல் கத்யால் ஒரு சோதனை சொன்னாரு, மாய மைக்ராஸ்கோப். எவ்ளோ வேணா பெருசாக்குற ஒரு மைக்ராஸ்கோப்பை உடம்புக்குள்ள விட்டு பாத்தா அந்த பொருள் அங்கயே தெரியுதா? தெரிஞ்சா அது இயற்கை, பேட்டன்ட் இல்ல. எனக்கு இது நல்ல சோதனைன்னு தான் படுது, அப்பீல் கோர்ட் ஏத்துக்கல, கெமிக்கல் பிணைப்பை வெட்டுனா புது மூலக்கூறு தான்னு 2க்கு 1ன்னு மிரியட் பக்கம் சாஞ்சுட்டாங்க.

இதுல இன்னொரு பழைய கதையும் இருக்கு. 1991ல என்ஐஎச்சே, ஆமா அதே அரசு நிறுவனம் தான், அங்க வேலை பாத்த விஞ்ஞானி க்ரெய்க் வென்டர் கண்டுபிடிச்ச நூத்துக்கணக்கான ஜீன் துண்டுகளுக்கு, அது உடம்புல என்ன வேலை பண்ணுதுன்னே தெரியாம பேட்டன்ட் கேட்டுச்சு. டிஎன்ஏ வடிவத்தை கண்டுபிடிச்ச ஜேம்ஸ் வாட்சன், அப்ப அவர் தான் மனுஷனோட டிஎன்ஏ வரிசை முழுசையும் படிக்கிற அரசோட ஜீனோம் திட்டத்துக்கு தலைவர், இது சுத்த பைத்தியக்காரத்தனம்னு கத்துனாரு, 1992ல பதவியை விட்டு போனாரு. 1994ல என்ஐஎச் விண்ணப்பத்தை கைவிட்டுச்சு.

ரிபப்ளிகன் எதிர்ப்பா, டெமாக்ராட் எதிர்ப்பா?

இதான் கூத்து, ரெண்டு கட்சிலயும் ரெண்டு பக்கமும் ஆள் இருந்தாங்க. 1995ல ஜெரமி ரிஃப்கின்னு ஒரு இடதுசாரி ஆர்வலர் ஏற்பாடு பண்ணி, சதர்ன் பாப்டிஸ்ட் கிறிஸ்தவங்கள்ல இருந்து யூத, முஸ்லிம் தலைவர்கள் வரைக்கும் கிட்டத்தட்ட 180 மதத்தலைவர்கள் ஒரே அறிக்கைல கையெழுத்து போட்டாங்க, ஜீனுக்கு பேட்டன்ட் வேணாம்னு. வேற எந்த விஷயத்துலயும் இவங்க ஒரு டீக்கடைல கூட சேந்து நின்னுருக்க மாட்டாங்க. ஒரு பக்கம் கார்ப்பரேட் கொள்ளைன்னான், இன்னொரு பக்கம் கடவுளோட சொத்துன்னான், மனு ஒண்ணு தான். 2007ல ஜீன் பேட்டன்ட்டையே தடை பண்ண ஒரு மசோதா வந்துச்சு, கொண்டு வந்தது டெமாக்ராட் சேவியர் பெசெராவும் ரிபப்ளிகன் டேவ் வெல்டனும். ரெண்டு கட்சியும் ஒத்துமையா கொண்டு வந்த மசோதா என்ன ஆகும்? ஓட்டெடுப்புக்கே வரல.

கிளின்டன் ஒரு அறிக்கை விட்டு மார்க்கெட்டே விழுந்துச்சாமே?

2000 மார்ச் 14. கிளின்டனும் டோனி ப்ளேரும் சேந்து, மனித ஜீனோமோட அடிப்படை தகவல் எல்லா விஞ்ஞானிக்கும் இலவசமா கிடைக்கணும்னு ஒரு அறிக்கை விட்டாங்க. அதே அறிக்கைல, ஜீனை வச்சு செய்யுற கண்டுபிடிப்புக்கு பேட்டன்ட் பாதுகாப்பு முக்கியம்னும் தெளிவா எழுதியிருக்கு. ரெண்டாவது வரிய எவன் படிச்சான்? பயோடெக் ஷேர் எல்லாம் அன்னைக்கே சரிஞ்சுது, வென்டரோட செலரா கம்பெனி உள்பட. மூணு மாசம் கழிச்சு ஜூன் 26ல அதே வென்டரை வெள்ளை மாளிகைல பக்கத்துல நிக்க வச்சு கிளின்டன் ஜீனோம் வெற்றி விழா கொண்டாடுனாரு.

கடைசில சுப்ரீம் கோர்ட்ல என்னாச்சு?

2013 ஏப்ரல் 15 வாதம். மிரியட் வக்கீல் சொன்ன உதாரணம் பேஸ்பால் மட்டை, மரத்துல இருந்து பிரிச்சு எடுக்குற வரைக்கும் மட்டைன்னு ஒண்ணு இல்லையேன்னு. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், மரத்தை இங்க ரெண்டு வெட்டு அங்க ரெண்டு வெட்டு போட்டா மட்டை வந்துடுமா, அதை ஒருத்தன் வடிவமைக்கணும்ல, இங்க நீ சும்மா வெட்டுற அவ்ளோதானேன்னு மடக்கினாரு. இன்னொரு ஜட்ஜ் சோனியா சோட்டோமேயர் சமையலுக்கு போயிட்டாங்க: உப்பு, மாவு, முட்டை, வெண்ணெய் போட்டு சாக்லேட் சிப் குக்கி சுடுறேன், புது விதமா கலந்தா குக்கிக்கு பேட்டன்ட் கேக்கலாம், உப்புக்கும் மாவுக்கும் எப்படி கேப்பேன்? கெமிஸ்ட்ரி தெரியலன்னாலும் கிச்சன் தெரிஞ்சா போதும் போல.

ஜூன் 13 தீர்ப்பு, 9க்கு 0. எழுதினது க்ளாரன்ஸ் தாமஸ், கோர்ட்லயே பழமைவாதி. முற்போக்கு ஜட்ஜ் கின்ஸ்பர்க்கும் அவரும் ஒரே பக்கம்! இயற்கைல இருக்குற டிஎன்ஏவை பிரிச்சு எடுத்தா மட்டும் பேட்டன்ட் கிடையாது. ஆனா லேப்ல செய்யுற சிடிஎன்ஏ, அதாவது தேவையில்லாத பகுதியெல்லாம் இல்லாம கோத்த டிஎன்ஏ, அது மனுஷன் செஞ்சது, அதுக்கு உண்டு. இதுக்கு ஒரு மாசம் முன்னாடி தான் ஆஞ்சலினா ஜோலி தனக்கு ப்ராக்கா-1 கோளாறு இருக்கு, ரெண்டு மார்பையும் எடுத்துட்டேன், இந்த டெஸ்ட்டுக்கு 3,000 டாலருக்கு மேல ஆகுது, நிறைய பெண்களுக்கு எட்டலன்னு நியூயார்க் டைம்ஸ்ல எழுதியிருந்தாங்க.

தீர்ப்பு வந்த அன்னைக்கே மத்த லேப்ங்க டெஸ்ட் அறிவிச்சுட்டாங்க, ஒரு கம்பெனி 995 டாலர்னு போர்டே வச்சுது. மிரியட் சும்மா இருந்தாங்களா? அடுத்த மாசமே மிச்சம் இருந்த பேட்டன்ட்டை வச்சு அவங்க மேல கேஸ். 2014ல அதுலயும் அப்பீல் கோர்ட்ல தோத்தாங்க.

பேட்டன்ட் இல்லன்னா எவன் சார் ஆராய்ச்சி பண்ணுவான்?

நியாயமான கேள்வி, இதை மட்டும் கிண்டல் பண்ண மாட்டேன். மருந்து கண்டுபிடிக்கறது காசு தின்னுற வேலை, புது மருந்துக்கும் புது மெஷினுக்கும் புது முறைக்கும் பேட்டன்ட் குடுங்க, யாரு வேணாம்னா. ஆனா ஜீன் எங்க இருக்குன்னு தேடுன வேலைக்கு பெரும்பாலும் பணம் குடுத்ததே வரி கட்டுனவன் தான். மனித ஜீனோம் திட்டம் 1990ல இருந்து 2003 வரைக்கும் நடந்துச்சு, அமெரிக்கா சுமார் 300 கோடி டாலர் ஒதுக்கி ஆரம்பிச்ச திட்டம், 1996ல பெர்முடால கூடி, கண்டுபிடிச்ச வரிசையை 24 மணி நேரத்துல எல்லாருக்கும் தெறந்து விட்டுடணும்னு விஞ்ஞானிங்களே முடிவு பண்ணாங்க. யாரும் படுத்துடல.

இன்னொண்ணு, பேட்டன்ட் போனா எல்லாம் சரியாயிடும்னு சொல்றவங்களையும் நான் நம்பல. அத்தனை வருஷம் தனியா டெஸ்ட் பண்ணதுல எந்த மாற்றம் ஆபத்து, எது சும்மான்னு மிரியட்கிட்ட ஒரு பெரிய டேட்டா குவிஞ்சுது, 2004 வாக்குல அதை பொதுவுல பகிர்றதையும் நிறுத்திட்டாங்க. அதுக்கு பேட்டன்ட்டே தேவையில்ல, வியாபார ரகசியம். பட்டா ரத்தானப்பவும் கெணத்துக்கு போட்ட பூட்டு அப்படியே இருந்துச்சு.

வெட்டி எடுத்த உறுப்பு? அதுவாச்சும் என்னோடது தானே?

ஜான் மூர்னு ஒருத்தர், ரத்தப் புற்றுநோய், 1976ல கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரில மண்ணீரலை எடுத்தாங்க. அவரோட செல்லை வளத்து டாக்டரும் யுனிவர்சிட்டியும் 1984ல பேட்டன்ட் வாங்கிட்டாங்க. 1990ல கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட் சொன்னது: டாக்டர் உங்ககிட்ட சொல்லாம பண்ணது தப்பு, அதுக்கு கேஸ் போடலாம், ஆனா அந்த செல் உங்க சொத்து கிடையாது. அவர் உடம்புல இருந்து வந்தது எல்லாருக்கும் சொத்தாகலாம், அவருக்கு மட்டும் ஆகாது.

என் ஜீனுக்கு நானே பேட்டன்ட் வாங்கிட்டா?

2000ல இங்கிலாந்துல பிரிஸ்டல் நகரத்துல ஒரு பெண் கவிஞர் தன்னையே பேட்டன்ட் பண்ண விண்ணப்பம் போட்டாங்க, கிண்டலுக்குத்தான். சட்டப்படி கஷ்டம். உங்களை உருவாக்குனது நீங்க இல்ல, கண்டுபிடிப்பாளர் கட்டத்துல உங்க அப்பா அம்மா பேர் வரணும், அவங்களும் பாதி பாதி அவங்க வீட்ல இருந்து காப்பி அடிச்சது.

ஐரோப்பா, ஆஸ்திரேலியா, இந்தியா?

ஐரோப்பா 1998ல ஒரு சட்டம் போட்டுச்சு, 5வது பிரிவு. முதல் பத்தி: மனித உடம்புல இருக்குற எதையும், ஜீன் வரிசை உட்பட, சும்மா கண்டுபிடிச்சதுக்கு பேட்டன்ட் கிடையாது. ரெண்டாவது பத்தி: உடம்புல இருந்து பிரிச்சு எடுத்தா, அது இயற்கைல இருக்குறதோட அச்சு அசலா ஒரே மாதிரி இருந்தாலும், பேட்டன்ட் குடுக்கலாம். கூட்டணி ஆட்சில தொகுதிப் பங்கீடு பண்ண மாதிரி ஒரு சட்டம். நெதர்லாந்து இதை எதிர்த்து ஐரோப்பிய கோர்ட்டுக்கே போச்சு, 2001ல தோத்துச்சு.

ஆஸ்திரேலியால இவோன் டார்சின்னு கேன்சர்ல இருந்து மீண்ட ஒரு பிரிஸ்பேன் அம்மா கேஸ் போட்டு, கீழ்கோர்ட்ல தோத்து தோத்து, 2015 அக்டோபர்ல ஹை கோர்ட்ல, அங்க அது தான் உச்ச கோர்ட், ஏழு ஜட்ஜும் ஒரே குரல்ல அவங்க பக்கம். இந்தியால பேட்டன்ட் சட்டம் 3(சி) பிரிவு, இயற்கைல இருக்குற பொருளை கண்டுபிடிச்சா அது கண்டுபிடிப்பே இல்லன்னு இருக்கு.

அப்ப மேட்டர் முடிஞ்சுது, வீட்டுக்கு போலாமா?

உக்காருங்க. அமெரிக்க செனட்ல ரிபப்ளிகன் தாம் டில்லிஸ், டெமாக்ராட் க்ரிஸ் கூன்ஸ்னு ரெண்டு பேர். 2022ல டில்லிஸ் தனியா கொண்டு வந்தாரு, 2023ல ரெண்டு பேரும் சேந்து, பாஸ் ஆகல, 2025ல திரும்ப. பேட்டன்ட் தகுதி மீட்பு மசோதான்னு பேரு, யாருக்கு மீட்புன்னு கேக்காதீங்க. மேலோட்டமா பாத்தா ஜீனுக்கு பேட்டன்ட் கிடையாதுன்னு தான் போட்டிருக்கும், கூடவே ஒரு வால்: "மனித உடம்புக்குள்ள இருக்குற நிலைல, மாற்றப்படாத மனித ஜீனுக்கு" கிடையாது. சரி, மாற்றப்படாததுன்னா என்ன? அடுத்த பத்தில இருக்கு, பிரிச்சு எடுத்திருந்தாலோ, சுத்தம் பண்ணியிருந்தாலோ, செறிவூட்டியிருந்தாலோ அது மாற்றப்படாத ஜீன் ஆகாது.

படிச்சீங்களா? உடம்புக்குள்ள இருக்குற ஜீனை எந்த கம்பெனியும் எந்த காலத்துலயும் கேக்கல. கேட்டதெல்லாம் வெளிய எடுத்ததை தான். கேக்காததை தடை பண்ணிட்டு கேட்டதை குடுக்குற சட்டம் இது. ஆதரவா பேட்டன்ட் வக்கீலுங்களும் பயோடெக் கம்பெனிகளும், எதிர்ப்பா ஏசிஎல்யூவும் நோயாளி அமைப்புகளும், சாஃப்ட்வேர் கம்பெனிகளும் வேற காரணத்துக்காக எதிர்ப்பு, ஏன்னா மசோதா அவங்க தொழில்லயும் கைய வைக்குது.

டில்லிஸ் இல்லன்னா மசோதாவும் போயிடும்ல? அவர் தான் 2026ல நிக்கலயாமே?

அவர் நிக்கல, அது உண்மை. கூன்ஸ் அங்க தான் இருக்காரு, வரைவு கம்ப்யூட்டர்ல தான் இருக்கு, தேதி மட்டும் மாத்துனா போதும்.